கடைசி வரிசைத் தக்காளி

மரியசெல்வி ஒரு தக்காளிக் காயைப் பறித்துத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். மேனகா குனிந்து பார்த்தாள்.

மேற்பாதியில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி போலப் பளபளக்கும் பச்சை. அடியில்தான் விஷயம். யாரோ சிகரெட் நுனியை வைத்து அழுத்தியதுபோல் ஒரு கறுப்பு வட்டம். உள்வாங்கி, தோல் தடித்து, பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி இருந்தது.

"இன்னைக்கு எத்தனை?"

"எண்ணறத நிறுத்திட்டேனுங்கக்கா. கூடை ரொம்பிப் போச்சு."

"பூ?"

மரியசெல்வி தரையைக் காட்டினாள். மஞ்சள் பூக்கள் வரப்பு நெடுக உதிர்ந்து கிடந்தன. கல்யாண ஊர்வலம் போன தெரு மாதிரி. கல்யாணம் யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

ஏப்ரல் பிறந்துவிட்டது. மே கடைசியில் ஏற்காட்டில் கோடை விழா. அந்த விழாவின் காய்கறிக் காட்சியில்தான் பிளாஸ்டிக் சீட் வேய்ந்த இந்தப் பாலிஹவுஸின் தலையெழுத்து இருக்கிறது.

எல்லாம் பொங்கலன்று மேனகாவின் மாமனார் சின்னசாமி விட்ட சவாலால் வந்தது. நாகலூரில் அவருடைய காப்பித் தோட்டம் முழுக்கச் சரிவு. சமதரை என்று இருந்தது ஒரே ஒரு துண்டு. காலம் காலமாகக் காப்பி காயப்போட்ட களம். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து மருமகளாக வந்த மேனகா, மானியம் வாங்கி, அந்தத் துண்டில் பாலிஹவுஸ் போட்டுத் தக்காளி வைக்கப் போகிறேன் என்றபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் பொங்கலுக்கு வந்த பக்கத்துத் தோட்டக்காரர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற தேவசிகாமணி, "களத்துல கூடாரம் அடிச்சிட்டீங்களே, சர்க்கஸ் எப்போங்க?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கோடை விழாவுல எம் மருமகளோட தக்காளி பரிசு வாங்குது பாருங்க, ரைட்டரே. வாங்கலைன்னா சீட்டப் பிரிச்சுப் போட்டுட்டு மறுபடியும் களமாக்கிப்போடறேன். சின்னசாமி சொன்னாச் சொன்னதுதான்."

சொன்னவர் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மேனகாவுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போனது. ஓசூர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவன் விக்னேஷிடம் போனில் முறையிட்டாள். "அப்பாகிட்ட நீயே பேசிக்க மேனகா, எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றான். அப்பா விஷயம் வந்தால் மட்டும் அவனுக்கு எப்போதும் ஷிப்ட் இருக்கும்.

மேனகா பார்மசி படித்தவள். ஏற்காடு டவுனில் ஒரு மெடிக்கல்ஸில் பகல் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். மரியசெல்வி விடியற்காலையில் வந்து பக்கக்கிளை கிள்ளி, கொடியைக் கயிற்றில் ஏற்றிக் கட்டிவிட்டு, அதே பஸ் கிளம்பும் நேரத்துக்கு எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவாள். மற்றதை டைமர் பார்த்துக்கொள்ளும். மேட்டில் தொட்டி, அங்கிருந்து இறங்கும் குழாய், பகலில் நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டுநீர்.

அடி கறுத்தால் கால்சியம் போதவில்லை என்று அர்த்தம். தோட்டக்கலைப் பயிற்சியில் மேனகா குறித்துக்கொண்ட பாடம் இது. கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து உரத்தொட்டியில் ஊற்றினாள். கறுப்பு குறையவில்லை. அளவைக் கூட்டினாள். இலையோரம் கருகியது. இன்னும் கூட்டினாள். இப்போது காயும் கறுத்தது, இலையும் கருகியது, அவள் முகமும் வாடியது.

வேலிக்கு அந்தப் பக்கம் தேவசிகாமணி நின்றிருந்தார். கிண்டல் செய்தவரே இப்போது ஒரு பாலிஹவுஸ் போட்டுக் குடைமிளகாய் வளர்க்கிறார். அதுவும் கோடை விழாவுக்குத்தான்.

"ஏம்மா மேனகா, மருந்து பாட்டில் காலியாகற வரைக்கும் நோயாளிக்கு ஊத்தறதுதான் உங்க மெடிக்கல்ஸ் வழக்கமா?"

"உங்க மொளகா எப்படிங்க இருக்குது, ரைட்டர்?" என்றாள் மேனகா, பல்லைக் கடித்தபடி.

"அதுக்கென்ன, ஆரோக்கிய மாதாவுஞ் சூசையப்பரும் பாத்துக்கறாங்க."

அவர் போனதும் மரியசெல்வி கிசுகிசுத்தாள்.

"அக்கா, இந்தாளு தினோம் வேலியோரம் சுத்தறாரு. என்னமோ ஊசி போடறாருங்கறேன்."

"தக்காளிக்கு ஊசியா?"

"அடியில வட்டமா இருக்குதுல்லீங்க. ஊசி போட்ட எடந்தானுங்களே அப்படிக் கன்னிப்போகும்."

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் மேனகா மெடிக்கல்ஸிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து ஒரு கூடைக் காயையும் புரட்டிப் பார்த்தாள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒரு துளை கூட இல்லை.

வேறொன்று இருந்தது.

காய்களைப் புரட்டிக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்தவள் சட்டென்று நின்றாள். அங்கே அடி கறுத்த காய் ஒன்றுமில்லை. தரையில் உதிர்ந்த பூ கூட அரிது. கொத்துக் கொத்தாகக் காய்கள், எல்லாமே தேர் வடம் பிடிக்க வந்த பிள்ளைகள் மாதிரி தெம்பாகத் தொங்கின.

"இதென்ன அதிசயம் செல்வி? இதுதானே நம்ம வீணாப்போன வரிசை."

உண்மைதான். போன டிசம்பர்க் காற்றில் சில்வர் ஓக் கிளை விழுந்து அந்த மூலையில் சீட் கிழிந்தது. தைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று சொல்லியே நாலு மாதம் ஓடிவிட்டது. போதாக்குறைக்கு மேட்டுத் தொட்டியில் ஒரு விரிசல். அந்தக் கசிவு நேராக இறங்கி அந்த வரிசையின் காலடியில்தான் ஊறும். யாராவது பார்க்க வந்தால் மேனகா அந்த மூலைக்கு மட்டும் அழைத்துப் போகமாட்டாள்.

"எதிரி இருக்கறான்னே வெச்சுக்குவோம்" என்றாள் மேனகா மெல்ல. "அவன் ஏன் இந்த வரிசைய மட்டும் உட்டுவெச்சான்?"

"பாவம்னு உட்டிருப்பானுங்க."

கிழிசல் வழியாகக் காற்று வந்து மேனகாவின் முகத்தில் பட்டது. சிலுசிலுவென்று இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது: காற்று வராத மற்ற வரிசைகளில் சூடு எவ்வளவு ஏறுகிறது?

மெடிக்கல்ஸில் இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் உண்டு. இப்போதைய சூட்டை மட்டும் காட்டாது. கடைசியாகப் பார்த்ததிலிருந்து எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதையும் ஞாபகம் வைத்திருக்கும். இன்சுலின் கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்க அதுதான் சாட்சி. உபரியாக இருந்த ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, மறுநாள் காலை நடுவரிசையில் தொங்கவிட்டாள். பாலிஹவுஸின் பக்கத் திரைகளைத் தானே மேலே சுருட்டிக் கட்டினாள். பஸ் ஏறினாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. திரைகள் சுருட்டியபடி. மண் ஈரமாக. தெர்மாமீட்டரில் இருபத்து நாலு.

பட்டனை அழுத்தினாள்.

நாற்பத்து நாலு.

மேனகா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெயிலுக்குப் பயந்து சேலம்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஏறிவரும் ஊர் இது. இங்கே நாற்பத்து நாலு டிகிரியா? திரை திறந்திருந்தால் நிச்சயம் முடியாது. அப்படியென்றால் பகலில் யாரோ திரையை இறக்குகிறார்கள். அவள் வருவதற்குள் பழையபடி சுருட்டியும் விடுகிறார்கள்.

எதிரி கற்பனை இல்லை. எதிரிக்கு அவளுடைய பஸ் நேரம் தெரியும்.

மறுநாள் மேனகா வழக்கம்போல் டிபன் கேரியரோடு கிளம்பினாள். ஊரே பார்க்க பஸ் ஏறினாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, குறுக்குப் பாதையில் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்தாள். லீவு சொல்லிவிட்டு வந்த மரியசெல்வி அங்கே மிளகுக் கொடிக்குப் பின்னால் காத்திருந்தாள்.

காப்பி பூத்திருந்தது. பத்து நாளுக்கு முன் விழுந்த மழைக்குச் செடியெல்லாம் ஒரே வெள்ளை. மல்லிகை மாதிரி வாசனை மூச்சை அடைத்தது.

"அக்கா, பூத்த தோட்டத்துல கால் வெக்கறோம். ஐயா பாத்தாருன்னா தக்காளிக் கூடாரத்துக்கு முன்னால நம்மளப் பிரிச்சுருவாரு."

அது நாகலூரில் சின்னசாமி தோட்டத்துச் சட்டம். பூத்த காப்பிக்குள் யாரும் நடக்கக்கூடாது, செடியில் உரசக்கூடாது, உரக்கக்கூடப் பேசக்கூடாது. பூ காயாக மாறும் வரை பிரசவ அறை மாதிரி.

"பேசாம உக்காரு."

வெயில் ஏறியது. வேலியோரம் சலசலப்பு. ஒரு வெள்ளை வேட்டி. தேவசிகாமணி.

மரியசெல்வி மேனகாவின் முழங்கையைக் கிள்ளினாள். தேவசிகாமணி இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். வேலிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார். மேனகா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ரைட்டர் வேலியில் படர்ந்திருந்த அவர்களுடைய சௌசௌக் கொடியிலிருந்து இரண்டு காய்களைப் பறித்து, வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டு, செபமாலை சொல்லும் முகத்தோடு திரும்பிப் போனார்.

"இதுக்குத்தானா தினோம் வேலியோரம்?" மரியசெல்விக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "ரெண்டு சௌசௌக்கா?"

மேனகாவுக்குச் சிரிப்பு பொங்கியது. வாயைப் பொத்திக்கொண்டவள், பொத்திய கையை எடுக்கவே மறந்துபோனாள்.

வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் குடை அசைந்து அசைந்து வந்தது. குடைக்குக் கீழே சின்னசாமி.

அவர் நேராக மேட்டுக்கு ஏறினார். தொட்டிக்குக் கீழே இருந்த வால்வை இரண்டு கையாலும் திருகி மூடினார். இறங்கி வந்தார். குடையை மடக்கி மாட்டிவிட்டு, பக்கத் திரைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினார். குழந்தைக்குப் போர்வை போர்த்துவது மாதிரி ஓரத்தை இழுத்து இழுத்துச் சரி செய்தார். வாசலைச் சாத்தி, குறுக்கே ஒரு முள்கிளையையும் வைத்தார்.

மேனகாவின் காதில் பொங்கலன்று கேட்ட வார்த்தை திரும்ப ஒலித்தது. மறுபடியும் களமாக்கிப்போடறேன்.

இதற்கா இந்த மனுஷன் இப்படி? களம் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே. அவள் விறுவிறுவென்று எழுந்தாள். பூத்த காப்பிச் செடிகளுக்கு நடுவே நேராக இறங்கினாள். தோள் பட்டுப் பூ உதிர்ந்தது.

"மாமா."

சின்னசாமி திரும்பினார். திடுக்கிட்டார். ஆனால் அவர் கண் போனது மருமகள் முகத்துக்கு இல்லை, அவள் தோளில் ஒட்டியிருந்த பூவுக்கு.

"ஏனம்மிணி, பூத்த தோட்டத்துக்குள்ளயா வர்றே? புத்தி இருக்குதா உனக்கு?"

"என்ற புத்திய அப்புறம் பாக்கலாமுங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அவர் குடையை எடுத்தார். விரித்தார். மறுபடி மடக்கினார்.

"காத்தாட வந்தேன்."

"காத்து வர்ற திரையெல்லாம் இறக்கி உட்டுட்டா காத்தாடறீங்க? களம் வேணும்னா கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனுங்களே மாமா. செடியப் போயி..."

சின்னசாமி அவளை வெறித்துப் பார்த்தார். புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அவர் முகம் காப்பிப் பழம் மாதிரி சிவந்தது.

"அட கிறுக்கு. நான் செடியக் கெடுக்கறன்னா நெனச்சே? நீ பரிசு வாங்க வேண்டாமா?"

"என்னங்க?"

"அன்னைக்கு ரைட்டர் முன்னால வாய உட்டுட்டேன். பிரிப்பேன்னு சொல்லிப்போட்டேன். சொன்ன சொல்ல எப்படித் திருப்பி முழுங்கறது? நீ செயிச்சுட்டா நான் பிரிக்க வேண்டியதில்லையே. அதான் உனக்குத் தெரியாம நானே ஒத்தாச பண்ணலாம்னு..."

மிளகுக் கொடிக்குப் பின்னாலிருந்து மரியசெல்வி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"என்ன ஒத்தாசைங்க?" மேனகா கேட்டாள், பயந்துகொண்டே.

சின்னசாமி நிமிர்ந்தார். இது அவருக்குத் தெரிந்த விஷயம். "காப்பிக்கு என்ன பண்றோம்? பூக்கறதுக்கு முன்னால தண்ணி காட்டாம வாட உடறோம். நல்லாத் தாகம் எடுத்தப்புறம் ஒரே அடியாத் தண்ணி குடுத்தா, எல்லாப் பூவும் ஒண்ணாப் பூக்குது. நீ என்னடான்னா தக்காளிக்குப் பாலாடையில ஊட்டற மாதிரி நாள் பூராச் சொட்டுச் சொட்டா உடறே. அதான் காலையில மூடி, நீ வர்றதுக்குள்ள தொறந்து நெறய உட்டேன். அப்புறம், பூத்த செடிக்குக் காத்து ஆகாது. ஆளும் உள்ள போகப்படாது. அதான் திரை, அதான் முள்ளு. எல்லாம் முறைப்படிதான் செஞ்சிருக்கேன்."

மேனகா முள்கிளையைத் தள்ளி வாசலைத் திறந்தாள்.

"கொஞ்சம் உள்ள வாங்க மாமா."

உள்ளே காலை வைத்ததும் அடுப்படி அனல் முகத்தில் அடித்தது. சின்னசாமி தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். திரையை இறக்கியதோடு போய்விடுவார், உள்ளே வந்ததே இல்லை. அவர் சட்டப்படி அவரும் உள்ளே வரக்கூடாதல்லவா. இலைகளெல்லாம் துவண்டு, மழையில் நனைந்த காக்கைச் சிறகு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பூ காம்போடு கழன்று அவர் செருப்பின் மேல் விழுந்தது.

"நான்தானா?" என்றார் மெதுவாக.

மேனகா பதில் சொல்ல வாயெடுத்தாள். பார்வை உரத்தொட்டியின் மேல் போய் நின்றது. கடைசி வரிசையின் ஈர மண், கிழிசல் காற்று, காலியான உர மூட்டைகள். எல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி வரிசையாக வந்து நின்றன. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் இல்லீங்க மாமா. ரெண்டு பேரும் சேந்துதான். மண்ணுல கால்சியம் கொட்டிக் கெடக்குது. ஆனா அது தானா ஏறாது, தண்ணி ஏறுனாத்தான் கூடவே ஏறும். அடிவாரத்துல ஊரே நின்னாலும் பஸ் வந்தாத்தானுங்களே மேல வர முடியும்? நீங்க பஸ்ஸ நிறுத்திட்டீங்க. நான் அது தெரியாம, ஆளு வரலைன்னு அடிவாரத்துல இன்னும் இன்னும் ஆளக் கொண்டுவந்து எறக்கியிருக்கேன்."

"தண்ணிதான் சாயங்காலம் உட்டனே கண்ணு."

"வெயில்ல தவிச்சப்புறம் வந்து என்ன பிரயோசனமுங்க? இந்தச் சூட்டுக்கு இருக்கற கொஞ்சத் தண்ணியையும் இலையே இழுத்துக்குது. காயோட அடிதான் கடைசி ஸ்டாப்பு. அதுவரைக்கும் ஒண்ணும் போய்ச் சேரல. போதாததுக்கு நான் கொட்டுன உப்பு வேற, வேரத் தண்ணி குடிக்க உடல."

"அப்போ பூ?"

"நாப்பது டிகிரியில மகரந்தம் செத்துப்போகும். பொழச்ச மகரந்தமும் காத்து அசச்சாத்தான் உதிர்ந்து காயாப் பிடிக்கும். இங்க காத்தே இல்லையே. காப்பிக்கு நீங்க செய்யறதெல்லாம் சரிங்க மாமா. இது காப்பி இல்லீங்க."

சின்னசாமி ஒவ்வொரு திரையாகப் போய்ச் சுருட்ட ஆரம்பித்தார். கடைசித் திரையைக் கட்டியதும் கேட்டார்.

"செடிய அசச்சா நல்லதுங்கறே?"

"தினமும் காலையில கயித்தத் தட்டி உடணுமுங்க. நான் உங்களுக்குப் பயந்துதான் தட்டாம இருந்தேன்."

"நாந் தட்டறேன்."

அன்றே கறுத்த காய்களைக் கிள்ளி எறிந்தார்கள். உரத்தை நிறுத்தி, வெறும் தண்ணீரை விட்டு வேரடி உப்பைக் கழுவினார்கள். மண் தெளிந்தபிறகு உரம் பழைய அளவுக்கே வந்தது, டைமர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக. உச்சி வெயிலுக்கு மேலே நிழல்வலை ஏறியது. காலைதோறும் நாகலூரில் ஒரு புதுக் காட்சி. பூத்த தோட்டத்தில் இருமினால்கூட முறைக்கும் சின்னசாமி, குடைக் கைப்பிடியால் கயிறு கயிறாகத் தட்டிக்கொண்டு தக்காளி வரிசைகளில் நடந்தார். ஒரு நாள் வேலியோரம் வந்த தேவசிகாமணி அதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"ஏனுங்க, பூத்த செடிய அடிக்கறீங்க?"

"எல்லாச் செடியும் காப்பியாயிருமா, ரைட்டரே? நாலு விஷயம் தெரிஞ்சுக்கணும்" என்றார் சின்னசாமி, பிறவியிலேயே தக்காளி விவசாயி மாதிரி. "சௌசௌ அந்தப் பக்கம் நல்லாக் காச்சிருக்குது, பறிச்சுக்கங்க. மறச்சு எடுக்க வேண்டியதில்ல."

தேவசிகாமணி இருமிக்கொண்டே போய்விட்டார்.

கோடை விழா. காட்சிக் கூடத்தில் தட்டுத் தட்டாகக் காய்கறிகள். மேனகாவின் தட்டில் இருந்தவை பெரும்பாலும் கடைசி வரிசைப் பழங்கள், மீதி ஏப்ரலில் புதிதாகப் பிடித்தவை. ஒவ்வொன்றின் அடியும் குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. நடுவர்கள் பரிசுச் சீட்டுகளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். மேனகாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. மரியசெல்வியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கண்ணாடி கொண்டுவராத சின்னசாமி கண்ணை இடுக்கினார், குனிந்தார், சீட்டு மட்டும் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

படித்துச் சொன்னது தேவசிகாமணிதான்.

"ரெண்டாம் பரிசுங்க."

மேனகா தலையை நிமிர்த்தினாள். மாமா அவளைப் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்து மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கூடாரம் நிக்குதுங்களா?" என்றார் தேவசிகாமணி. "முதல் பரிசுன்னு சொல்லலியே நீங்க. பரிசுன்னுதான் சொன்னீங்க. நான் சாட்சி."

வேலிச் சௌசௌவுக்கு அவர் செலுத்திய பதில் மரியாதை அது.

சின்னசாமி முதல் பரிசுத் தட்டைத் தேடிப் போனார். தலைச்சோலையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியின் தக்காளி. ஒவ்வொன்றாக எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். எங்கும் குறை கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் பணிவாகக் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க கயித்த எதுல தட்டறீங்க?"

திரும்பும் பஸ்ஸிலிருந்து நாகலூரில் இறங்கும்போது அவர் உறுமினார்.

"அடுத்த வருஷம் மொதப் பரிசு வாங்கலைன்னா கூடாரத்தப் பிரிச்சுருவேன் கண்ணு, சொல்லிட்டேன்."

மேனகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த வருஷம் பிரிப்பதென்றால் அதுவரை பாலிஹவுஸை யாரும் தொடப்போவதில்லை.

"சரிங்க மாமா. ஆனா நீங்க வால்வத் தொடப்படாது."

"கயித்தத் தட்டலாமில்ல?"

"தட்டலாமுங்க."

சின்னசாமி குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு, நேராகப் பாலிஹவுஸைப் பார்த்து நடந்தார்.